ஹார்ட் ஃபெயிலியர் ரத்தப் பரிசோதனைகள்: அழற்சி, ஆக்சிஜனேற்ற அழுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 28 வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருப்பவள். ஆனால் ஓய்வு எங்கே? ஈசூனில் எங்கள் புளோக் மின்தூக்கிக்குள் கால் வைத்தால் போதும், யாராவது ஒருவர் கைப்பேசியில் பரிசோதனை முடிவு வரும் ஹெல்த்ஹப் செயலியைத் திறந்து "அக்கா, இந்த நம்பர் கூடுதலா இருக்கே, பயப்படணுமா?" என்று நீட்டுவார். காப்பிக்கடையிலும் அதே கதைதான். கேட்பவர்களில் பாதிப் பேர் ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் பாடு. நம்பருக்கு என்ன அர்த்தம், எதை வைத்து அர்த்தம் பண்ணக்கூடாது என்பது வரைதான் என் எல்லை.

கே: ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுவிட்டது என்றுதானே அர்த்தம்?

நின்றிருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். இதயம் அடிக்கிறது, ஆனால் உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியவில்லை, அல்லது விறைத்துப்போய் சரியாக நிரம்ப மாட்டேன் என்கிறது. ஸ்கேன் அறிக்கையில் 'எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன்' என்று ஒரு சதவீதம் இருக்கும், இதயத்தில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்ற கணக்கு. 40 அல்லது அதற்குக் கீழே என்றால் தள்ளும் பலம் குறைந்த வகை, 50-க்கு மேல் என்றால் பெரும்பாலும் விறைப்பு வகை, நடுவில் இருப்பவர்கள் நடுவில்.

கே: டாக்டர் 'அழற்சி' என்கிறார். எனக்குக் காய்ச்சல் இல்லை, புண் இல்லை, வீக்கம் காலில் மட்டும்தான். அழற்சி எங்கே இருக்கிறது?

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். அடிபட்ட இடம் சிவந்து வீங்குகிறதே, அந்த வேலையைச் செய்யும் ரசாயனங்கள் ஹார்ட் ஃபெயிலியரில் சிறிய அளவில் உடம்பு முழுக்க, மாதக்கணக்கில், சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1956-லேயே அமெரிக்காவில் ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளின் ரத்தத்தில் சிஆர்பி என்ற அழற்சிப் புரதம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களில் ஒருவர் யூஜின் பிரான்வால்ட், பின்னாளில் இதய மருத்துவத்தில் பெரிய பெயர். அப்புறம் 1990-இல், நோய் முற்றியவர்களின் ரத்தத்தில் டிஎன்எஃப் என்ற இன்னொரு பொருள் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். அந்த டிஎன்எஃப்புக்கு முன்பு வேறொரு பெயரும் இருந்தது, 'கேக்கெக்டின்', அதாவது ஆளை உருக்கி மெலிய வைப்பது. ஹார்ட் ஃபெயிலியர் ரொம்ப நாள் இருந்தவர்கள் எலும்பும் தோலுமாய்ப் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் என்று புரியும்.

சரி, இது எங்கிருந்து வருகிறது? இழுபடும் இதயத் தசையிலிருந்தே கொஞ்சம் வருகிறது. சர்க்கரை, தொப்பைக் கொழுப்பு, கிட்னி இவையெல்லாம் பங்கு போடுகின்றன. எனக்குப் பிடித்த விளக்கம் குடல் கதை. உங்கள் கால் வீங்கியிருக்கும்போது குடலின் சுவரும் வீங்கித்தான் இருக்கும், நமக்குக் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வீங்கிய சுவர் வழியாகக் குடல் பாக்டீரியாவின் நச்சு ரத்தத்துக்குள் கசிகிறது, உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது. 1999-இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில், உடம்பில் நீர் கோத்திருந்த நோயாளிகளுக்கு அந்த நச்சு அதிகமாக இருந்தது, நீர் மாத்திரை கொடுத்து வீக்கம் வடிந்ததும் நச்சும் குறைந்தது. பசி எடுக்கவில்லை, வயிறு கல் மாதிரி இருக்கிறது என்று சொல்லும் நோயாளியைக் 'கேஸ்' மாத்திரை போடச் சொல்லி ஒதுக்காதீர்கள் என்று வீட்டில் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

கே: ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது பிரஷரா, டென்ஷனா?

இரண்டும் இல்லை. மொழிபெயர்ப்பு செய்த கோளாறு இது. ஹெல்முட் ஸீஸ் என்ற ஜெர்மானியர் 1985-இல் இந்தச் சொல்லுக்கு ஓர் இலக்கணம் கொடுத்தார்: உயிரணுவைக் கடிக்கும் ஆக்சிஜன் துணுக்குகளின் கை ஓங்கி, அவற்றை அடக்கும் பொருள்கள் தோற்றுப்போகும் நிலை. நல்லெண்ணெய் பாட்டிலை வெயில் விழும் சன்னலோரம் வைத்து மறந்துவிட்டால் ஒரு நாள் காறல் வாடை அடிக்கும் இல்லையா, கிட்டத்தட்ட அந்த வேலைதான் நம் உயிரணுவின் கொழுப்புச் சுவரிலும் நடக்கிறது. இதை உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. மாலோண்டையால்டிஹைடு என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. ரத்தத்தோடு ஒரு ரசாயனத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு வரும், எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காறல். இதே முறையால்தான் உணவுத் துறையில் எண்ணெயும் இறைச்சியும் காறிப்போய்விட்டனவா என்று பார்க்கிறார்கள்.

கே: அப்படி என்னென்ன பரிசோதனைகள்தான் இருக்கின்றன?

ஆக்சிஜனேற்றப் பக்கம்: மேலே சொன்ன மாலோண்டையால்டிஹைடு, ஐசோப்ரோஸ்டேன் (1990-இல் கண்டுபிடித்தார்கள், சிறுநீரிலும் பார்க்கலாம், இருப்பதிலேயே நம்பகமானது), வெள்ளையணு கக்கும் மைலோபெராக்ஸிடேஸ், கெட்டுப்போன எல்டிஎல் கொழுப்பு, அடக்கும் பக்கத்துக்கு குளூட்டாத்தயோன். யூரிக் ஆசிடும் இந்தக் கணக்கில்தான் வரும், அதற்குத் தனியாக வருகிறேன். அழற்சிப் பக்கம்: சிஆர்பி, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப். இரண்டுக்கும் நடுவே இதயத் தழும்பையும் இழுவிசையையும் காட்டும் எஸ்டி2, கேலக்டின்-3, ஜிடிஎஃப்-15. இவற்றில் பெரும்பாலானவை ஹார்ட் ஃபெயிலியர் முற்ற முற்ற ஏறும், ஏறியவர்களுக்கு ஆபத்தும் கூடுதல். இதெல்லாம் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் ரத்தத்தில் பார்த்து உறுதியானது. ஆனால் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சரியாகச் சொல்லும் நம்பர் உங்கள் ஒருவரைப் பற்றியும் சரியாகச் சொல்லும் என்று நினைப்பதில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம்.

கே: அவ்வளவு இருந்தும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) ஏன் எடுப்பதில்லை? காசு மிச்சம் பிடிக்கிறார்களா?

இதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். எடுக்காததற்குக் காரணம் ரத்தம் பிடிக்கும் குழாய்க்குள் இருக்கிறது. ரத்தம் உங்கள் கையை விட்டு வெளியே வந்த பிறகும் ஆக்சிஜனேற்றம் நிற்பதில்லை. குழாயை மேசை மேல் வைத்துவிட்டு நான் டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் நம்பர் மாறத் தொடங்கிவிடும். ஐசோப்ரோஸ்டேனைச் சரியாக அளக்க வேண்டுமானால் எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்து, உடனே பிரித்து, மைனஸ் 70 அல்லது 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். சாதாரண மைனஸ் 20 உறைபெட்டியில் வைத்தால் அந்தப் பெட்டிக்குள்ளேயே புதிதாக உருவாகும். அப்புறம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற பெரிய இயந்திரம் வேண்டும். மாலோண்டையால்டிஹைடு சுலபம்தான், ஆனால் அந்த இளஞ்சிவப்பு நிறம் சர்க்கரைப் பொருள்களோடு சேர்ந்தாலும் வரும், ஊசி குத்தும்போது சிவப்பணு உடைந்தாலும் ஏமாற்றும். ஒரு கூடத்து நம்பரை இன்னொரு கூடத்து நம்பரோடு ஒப்பிட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம்பர் வந்த பிறகு டாக்டர் மாற்றப்போவது எதுவும் இல்லை. அப்படிப்பட்ட பரிசோதனைக்கு உங்கள் கையில் எதற்கு ஊசி? தனியார் 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் பேக்கேஜ்' விளம்பரம் கண்ணில் பட்டால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: என் டாக்டர் எப்போதும் என்டி-ப்ரோபிஎன்பி மட்டும் பார்க்கிறாரே, அது இதில் எந்த வகை?

அது அழற்சியும் இல்லை, ஆக்சிஜனேற்றமும் இல்லை. இதயச் சுவர் இழுபடும்போது அது விடும் கூக்குரல். அதன் இணைத் துண்டான பிஎன்பியை 1988-இல் ஜப்பானில் பன்றி மூளையில் கண்டுபிடித்ததால் பெயரில் உள்ள 'பி' மூளையைக் குறிக்கிறது, ஆனால் நம் உடம்பில் முக்கியமாகச் சுரப்பது இதயம். என்டி-ப்ரோபிஎன்பி குழாயில் கெடாமல் இருக்கும், எங்கே அளந்தாலும் ஏறக்குறைய ஒரே நம்பர், டாக்டர் அதை வைத்து முடிவெடுக்க முடியும். கிளினிக்கில் 125-க்குக் கீழே என்றால் ஹார்ட் ஃபெயிலியர் இருக்க வாய்ப்புக் குறைவு. மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்கு ஓடுபவர்களுக்கு 300-க்குக் கீழே என்றால் வேறு காரணம் தேடுவார்கள்.

இதிலும் மேடு பள்ளம் உண்டு. வயதானால் ஏறும், கிட்னி பழுதானால் ஏறும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் ஏறும். குண்டாக இருப்பவர்களுக்கு நோய் இருந்தும் குறைவாகக் காட்டும். போன தடவை 1,100, இந்தத் தடவை 1,250 என்று அழுத ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். அது ஏற்றமே இல்லை, 30 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் பொதுவாகப் பொருட்படுத்துவார்கள். இன்னொன்று: இந்த நம்பரை 1,000-க்குக் கீழே இறக்கியே தீருவது என்று துரத்தி மருந்து கொடுத்தால் நல்லதா என்று 894 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்டார்கள். வழக்கமான நல்ல சிகிச்சையை விட அது மேலாக இல்லை.

கே: சக்குபிட்ரில்-வல்சார்டன் மாத்திரைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு பிஎன்பி ஏறிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

முதலில் எடுத்தது பிஎன்பியா, என்டி-ப்ரோபிஎன்பியா என்று பாருங்கள். பிஎன்பியை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது, அதனால் பிஎன்பி ஏறத்தான் செய்யும். என்டி-ப்ரோபிஎன்பியை அந்த நொதி தொடுவதில்லை, எனவே அதை நம்பலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே: சிஆர்பி 4 என்று வந்திருக்கிறது. இது மோசமா?

என்ன அலகு? அதைத்தான் நான் முதலில் கேட்பேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஊருக்குப் போனபோது அங்கே ஒரு முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். அதில் சிஆர்பி 0.6, இங்கே எடுத்தபோது 6. "பத்து மடங்கு ஏறிடுச்சு" என்று ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார். அங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இங்கே லிட்டருக்கு மில்லிகிராம், இரண்டும் ஒரே நம்பர்தான். காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

லிட்டர் கணக்கில் 1-க்குக் கீழே குறைந்த ஆபத்து, 3-க்கு மேல் கூடுதல் ஆபத்து என்று இதயக் கணக்கில் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் சிஆர்பி ஓர் அலறல் மணி. சளி, டெங்கி, ஈறு வீக்கம், முட்டி வலி, எதற்கும் அடிக்கும். 10-ஐத் தாண்டினால் வேறு ஏதோ தொற்று இருக்கலாம், இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து மூன்றாம் நாள் ரத்தம் கொடுத்தால் என்ன வரும் என்று நான் சொல்லவும் வேண்டுமா.

கே: அழற்சிதான் வில்லன் என்றால் அதைக் குறைக்கும் வலி மாத்திரையைப் போட்டால் போதுமே?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். டைக்லோஃபெனக், இபுபுரூஃபென், நாப்ராக்ஸன் போன்றவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், கிட்னியை நெருக்கும், நன்றாக இருக்கும் ஹார்ட் ஃபெயிலியர் நோயாளியை மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மூட்டு வலிக்காகத் தனியார் கிளினிக் போனாலும் 'எனக்கு ஹார்ட் ஃபெயிலியர்' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள்.

அப்படியானால் குறிவைத்து அடிக்கும் மருந்து? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். டிஎன்எஃப்பைக் கட்டிப்போடும் எட்டனெர்செப்ட் ஊசியை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள், பயன் தெரியவில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். இன்ஃப்ளிக்சிமாப் ஊசியை 150 பேரிடம் சோதித்த ஆய்வு 2003-இல் வந்தது. அதில் அதிக அளவு வாங்கியவர்கள் கூடுதலாக இறந்தார்கள், கூடுதலாக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். டிஎன்எஃப் கூடினால் கெடுதல், குறைத்தால் நன்மை என்ற கணக்கு அத்தனை அழகாக இருந்தது, உடம்புதான் அதற்குக் கட்டுப்படவில்லை. 2017-இல் வந்த கேன்டோஸ் ஆய்வு மட்டும் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது. மாரடைப்பு வந்து சிஆர்பி 2-க்குக் குறையாமல் இருந்த 10,061 பேரில், கனகினுமாப் ஊசி ஓர் அளவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 15 சதவீதம் குறைத்தது, ஆனால் உயிரைக் குடிக்கும் தொற்றுகள் கூடின. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரை இன்னொரு பாடம்: 2007-இல் 5,011 ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளில் அது சிஆர்பியை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்கியது, ஆனால் ஆய்வின் முக்கியக் கேள்வியான இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை போதிய அளவு குறையவில்லை. (இதைப் படித்துவிட்டு ரத்தக்குழாய் அடைப்புக்காகக் கொடுத்த ஸ்டாட்டினை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கணக்கு.)

கே: ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள்? தேக்காவில் ஒருவர் நல்லது என்றார்.

வைட்டமின் ஈ: 2005-இல் வந்த ஹோப்-டூ ஆய்வில் தினம் 400 யூனிட் சாப்பிட்டவர்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் கூடியது. குறையவில்லை, கூடியது. கோஎன்சைம் க்யூ10: 420 பேரிடம் இரண்டு வருடம் நடந்த ஓர் ஆய்வு 2014-இல் வந்தது, நல்ல முடிவுதான், ஆனால் ஆய்வு சிறியது, அதை மட்டும் நம்பி டாக்டர்கள் எழுதிக் கொடுப்பதில்லை. நீங்கள் வாங்கிச் சாப்பிடுவதானால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், அது வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கலாம். மஞ்சள் குழம்பில் எவ்வளவு போட்டாலும் சரி, கேப்ஸ்யூலாக அடைத்தது வேறு. பக்கத்து வீட்டு சீன ஆண்ட்டி அன்போடு கொடுக்கும் டாங் குய் என்ற சீன மூலிகை சூப்பும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடலாம்.

கே: யூரிக் ஆசிட் 9. இதுவும் இதயத்தோடு சம்பந்தப்பட்டதா?

சம்பந்தம் உண்டு. யூரிக் ஆசிட் உருவாகும் அதே வேலையில் கெட்ட ஆக்சிஜன் துணுக்கும் பிறக்கிறது, நம்பர் ஏறியவர்களுக்கு நோயின் போக்கும் மோசம். சரி, அல்லோப்யூரினால் என்ற மாத்திரையைக் கொடுத்துக் குறைத்தால்? 253 பேரிடம் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். யூரிக் ஆசிட் குறைந்தது, நோயாளி தேறவில்லை. கூடவே, உங்கள் நீர் மாத்திரையே யூரிக் ஆசிடை ஏற்றும். கவுட் என்ற மூட்டு வலி வந்து கால் கட்டைவிரல் துடித்தால் அதற்கு மருந்து வேண்டும்தான், ஆனால் மேலே சொன்ன வலி மாத்திரை பக்கம் போகாமல்.

கே: ஃபெரிட்டின் 80, லேப் நார்மல் என்கிறது. டாக்டர் இரும்பு ஊசி போடணும் என்கிறார். யார் சரி?

டாக்டர். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்தேன் என்று சொல்லலாம். ஃபெரிட்டின் இரும்பின் சேமிப்புக் கணக்கு, ஆனால் அழற்சி வந்தாலும் அது தானாக ஏறும். உடம்பு கிருமிக்குக் கிடைக்கக்கூடாது என்று இரும்பைப் பெட்டிக்குள் பூட்டிவிடுகிறது: வங்கியில் பணம் இருக்கிறது, ஏடிஎம்மில் எடுக்க முடியவில்லை. அதனால் ஹார்ட் ஃபெயிலியரில் அளவுகோலே வேறு. ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தால் குறைபாடு. 100 முதல் 299 வரை இருந்தால் டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற இன்னொரு நம்பரையும் பார்த்து, அது 20 சதவீதத்துக்குக் கீழே என்றாலும் குறைபாடு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும்கூட. நான் வேலை செய்த காலத்தில் எத்தனை அறிக்கையில் 'நார்மல்' என்று அச்சாகிப் போயிருக்கும் என்று நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. அந்த அச்சு எல்லாருக்கும் பொதுவான வரம்பை வைத்து வருவது, உங்களுக்கு என்ன நோய் என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

ஊசி ஏன், மாத்திரை போதாதா? போதாது. பூட்டிய குடல் இரும்பு மாத்திரையை உள்ளே விடுவதில்லை, 2017-இல் 225 பேரிடம் மாத்திரையைச் சோதித்துப் பார்த்ததில் அவர்களுடைய உடல் உழைப்புத் திறன் கூடவில்லை. நரம்பு வழியாக ஏற்றிய 2009-ஆம் ஆண்டு ஆய்வில் நடக்கும் தூரமும் தெம்பும் கூடின. ரத்தக் குறியீட்டைச் சரியாகப் படித்ததால் நோயாளி மாடிப்படி ஏற முடிகிற இடம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

கே: ரத்தம் கொடுப்பதற்கு முன் பட்டினி இருக்க வேண்டுமா?

என்டி-ப்ரோபிஎன்பிக்கும் சிஆர்பிக்கும் வேண்டாம். கூடவே சர்க்கரை, கொழுப்பு எடுத்தால் அதற்காகச் சொல்வார்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்: சில இயந்திரங்களில் அது நம்பரைப் பொய்யாக்கும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2017-இல் எச்சரித்தது.

கே: நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு வேறுபாடு உண்டா?

நோய் வரும் விதத்தில் உண்டு. நேஷனல் ஹார்ட் சென்டரிலிருந்து டாக்டர் கரோலின் லாம் தலைமையில் நடந்த ஏசியன்-ஹெச்எஃப் பதிவேடு சிங்கப்பூர், மலேசியா, இந்தியா உட்பட 11 ஆசியப் பகுதிகளில் நோயாளிகளைத் தொடர்ந்தது. தள்ளும் பலம் குறைந்த வகை நோயாளிகளின் சராசரி வயது 60-ஐ ஒட்டி இருந்தது, மேலை நாடுகளை விட இளமை. ஒல்லியாக இருந்தும் சர்க்கரை உள்ள ஒரு கூட்டமும் நம் பக்கத்தில் கணிசம். 'எனக்குத் தொப்பை இல்லை, எனக்கு எதற்கு ஹார்ட் ஃபெயிலியர்' என்று சொல்லும் மாமாக்களுக்கு இதைக் காட்டுங்கள்.

கே: சரி அக்கா, அப்படியானால் அழற்சியைக் குறைக்க எதுவுமே இல்லையா?

இருக்கிறது, நம்பரைக் குறிவைக்காத வழிகளில். டாக்டர்கள் 'நாலு தூண்' என்று சொல்லும் மருந்து வகைகளை விடாமல் சாப்பிடுவது, அதில் டாபாகிளிஃப்ளோசின் வகையும் ஒன்று, 2019-இல் சர்க்கரை இல்லாத ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளுக்கும் பலன் காட்டியது. வருடா வருடம் ஃப்ளூ ஊசி. பல் டாக்டர். புகையை விடுவது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பிராட்டாவுக்கு ஊற்றும் இரண்டாம் கரண்டிக் குழம்பு, இவற்றில் உப்பைப் பார்த்துக்கொள்வது. அப்புறம் ஒரு எடைக் கருவி வாங்கி, காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன், தினம் ஏறி நின்று எழுதி வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அடுத்த அப்பாய்ன்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கிளினிக்குக்கு போன் பண்ணுங்கள்.